பூனைக்கு எதுக்கு குழி?

எங்க வீட்டுப் பூனை சிட்டு போன மாசம் செத்துப்போச்சு, 11 வயசு, கொல்லைப்புறத்துல முருங்கை மரத்தடியில குழி வெட்டி அது எப்பவும் படுக்குற பழைய டவல்லயே சுத்தி பொதைச்சோம். சித்தி பாத்துட்டு "ஏன்டி, செத்தது பூனைதானே, என்னமோ மனுசனுக்கு பண்ற மாதிரி பண்றீங்க"ன்னு சிரிச்சாங்க. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு, அன்னிக்கு நைட்டு தூக்கம் வராம போன்ல நோண்ட ஆரம்பிச்சவதான்.

சைப்ரஸ் தீவுல ஷில்லூரோகம்போஸ்னு ஒரு பழைய ஊரு. அங்க தோண்டினப்ப ஒரு மனுச எலும்புக்கூடு, கிட்டத்தட்ட 9,500 வருசம் பழசு, பக்கத்துலயே வெறும் 40 செ.மீ தள்ளி தனிக் குழியில ஒரு பூனை, வயசு எட்டு மாசம் இருக்கும்! எலும்புல வெட்டுக் காயம் எதுவும் இல்ல, அதனால தின்னுட்டு தூக்கிப் போட்டதும் இல்ல. அந்தத் தீவுல இயற்கையா பூனையே கிடையாது, யாரோ படகுல ஏத்திக் கொண்டுபோயிருக்காங்க. நான் சிட்டுவ கூடையில போட்டு ஊசி போட ஆட்டோல கொண்டுபோறதுக்குள்ளயே கை பூரா கீறல், இவங்க எப்படி கடல் தாண்டினாங்களோ.

வீட்டுப் பூனையோட மூதாதை லிபிகாங்கற காட்டுப் பூனைதான், 2007ல 979 பூனைங்களோட டிஎன்ஏ பாத்து சொல்லிட்டாங்க. மேற்கு ஆசியாவுல மனுசன் விவசாயம் பண்ணி தானியத்த சேத்து வச்சான், எலி வந்துச்சு, எலி பின்னாடியே இதுவும் வந்துச்சு. யாரும் கூப்பிடல, சிட்டுவும் அப்படித்தான் வந்து சேந்துச்சு.

அந்தக் காலத்து எகிப்துல வீட்டுப் பூனை தானா செத்தா வீட்ல எல்லாரும் புருவத்த மழிச்சுக்குவாங்கன்னு ஹெரோடோட்டஸ்ங்கற பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் எழுதி வச்சிருக்காரு. (நாய்னா தலை, உடம்பு மொத்தமும்.) ஆனா அதே எகிப்துல பின்னாடி வந்த காலத்துல, பூனைத் தலை வச்ச பாஸ்டெட் அம்மனுக்கு காணிக்கை செலுத்தன்னே குட்டிங்கள வளத்து, கழுத்த முறிச்சு மம்மி பண்ணி வித்துருக்காங்க, எக்ஸ்ரே எடுத்துப் பாத்ததுல தெரிஞ்சிருக்கு. சாமின்னும் சொல்லிட்டு கழுத்தையும் திருகுறது, என்ன சொல்ல. 1890ல அந்த மாதிரி மம்மிங்க 19 டன், சுமார் 1,80,000 பூனைங்க, கப்பல்ல லிவர்பூலுக்குப் போயி உரமா அரைக்க ஏலத்துல போச்சு. ஏலம் விட்டவரு ஒரு பூனை மண்டையையே சுத்தியலா வச்சு தட்டினாராம்.

மனசு ஆறினது ஒண்ணே ஒண்ணுலதான். கி.மு. 14ஆம் நூற்றாண்டுல தட்மோஸ்னு ஒரு எகிப்து இளவரசன், மூணாம் அமென்ஹோடெப் ராஜாவோட பையன், தன் பூனைக்கு சுண்ணாம்புக் கல்லுல சவப்பெட்டியே செஞ்சிருக்கான், அதுல படையல் முன்னாடி பூனை ஜம்முனு உக்காந்திருக்கு. பேரு தாமியூ. அவங்க பாஷையில பூனைக்கே பேரு மியூதானாம்!

அந்தப் பெட்டி போட்டோவ சித்திக்கு வாட்ஸப்ல அனுப்பினேன். ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல.