மாத்திரைச் சீட்டை ஒளிக்க வேண்டாம்

குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்கில் மனைவியின் பழைய மனநோய் மாத்திரைச் சீட்டு கோர்ட்டுக்கு வந்துவிடும். அதற்குப் பயந்து மாத்திரையையே நிறுத்திவிடும் தாய்மார்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். வழக்கு நடக்கும்போது நோய் திரும்பினால், எதிர்த்தரப்புக்கு வேறு சாட்சியே தேவைப்படாது.

2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தெளிவானது. மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவரைப் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. முன்பு ஆஸ்பத்திரியில் இருந்தது மட்டுமே இன்றைய நிலைக்கு அத்தாட்சியும் ஆகாது. மனநோய்க்கு ஆதாரம் என்று தாக்கல் செய்யப்படுவதை நீங்கள் மறுத்தால், 105ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அதை, இந்தச் சட்டத்தின்கீழ் அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தின் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வாயால் மறுத்தால் போதாது, எதிருரையில், அதாவது நீங்கள் தாக்கல் செய்யும் பதிலில், எழுத்தாக இருக்க வேண்டும்.

நீதிபதி பார்ப்பது குழந்தையின் நலனை. இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டு இளவர், பாதுகாவலர் சட்டத்தில், 5 வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் என்று இருந்தாலும், அதுவும் இந்த நலனுக்குக் கட்டுப்பட்டதுதான்.

பெரும்பாலும் சறுக்குவது டாக்டர் சர்டிபிகேட்டில். "ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்), சிகிச்சையில் உள்ளார்" என்ற ஒற்றை வரி உதவாது, கெடுக்கும். எப்போதிலிருந்து சிகிச்சை, மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, கடைசியாக நோய் கூடியது எப்போது, தனக்கு நோய் இருப்பதை உணர்ந்திருக்கிறாரா, சமைத்து ஊட்டி பள்ளிக்கு அனுப்பும் நிலையில் இருக்கிறாரா, இவை எல்லாம் அதில் வர வேண்டும். கூடவே ஒரு தாள்: தூக்கம் கெடுவது போன்ற முதல் அறிகுறி தெரிந்தால் யாரைக் கூப்பிடுவது, அந்த நாட்களில் குழந்தை எந்தப் பாட்டி அல்லது சித்தி வீட்டில் இருக்கும் என்று. இதை எழுதித் தருவது பலவீனத்தை ஒப்புக்கொள்வதாகாது. பொறுப்புள்ள தாய் செய்வதே இதுதான்.

குழந்தைக்குத் தீங்கு செய்யச் சொல்லிக் குரல் கேட்கிறது என்றால் தற்காலிகமாகப் பிரித்து வைக்கத்தான் வேண்டும். அதற்கும் அதே 2017 மனநலச் சட்டம் வரம்பு போடுகிறது. உள்நோயாளியாக இருக்கும் தாயிடமிருந்து 3 வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. ஆபத்து என்று டாக்டர் கருதிப் பிரித்தால், மேற்பார்வையில் பார்க்க விட வேண்டும், 15 நாளுக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

குழந்தை ஏற்கெனவே கணவர் வீட்டில் இருந்தால், இறுதித் தீர்ப்புக்குக் காத்திருக்காமல் சந்திக்க அனுமதி கேட்டு இடைக்கால மனுவை உடனே போடுங்கள். மாதக்கணக்கில் பார்க்காமல் விட்டால், குழந்தை அங்கேயே பழகிவிட்டது என்பதே அவர்களின் வாதமாகிவிடும்.