ரஷ்யன் கரவன்

ஆகஸ்ட் 10
நல்லூர்த் திருவிழாவுக்கென்று ரொறன்ரோவில் இருந்து வந்த சின்னம்மாவின் மகன் எல்லாருக்கும் சொக்லேட் கொடுத்தான். எனக்கு மட்டும் ஒரு தகரப்பேணி: 'ரஷ்யன் கரவன்' என்ற கறுப்புத் தேயிலை. கடைத் தூள் மாதிரி இல்லை, நீள நீளமான இலை. கொதிதண்ணி விட்டதும் குசினி முழுக்கப் புகை மணம்.

"என்னடா, அடிப்பிடிச்சுப் போச்சோ?" என்று அம்மா முற்றத்தில் இருந்து ஓடி வந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "இதைக் காசு குடுத்தே வாங்கினவன்?" என்றபடி தனக்குப் பால்மா கரைக்கப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 11
இரவு அதன் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். 1727இல் ரஷ்யாவும் சீனாவும் செய்துகொண்ட கியாக்தா உடன்படிக்கைக்குப் பிறகு, எல்லையில் பெரிய சந்தை ஒன்று எழும்பியிருக்கிறது. ரஷ்யர்கள் மென்மயிர்த் தோல் கொண்டுவர, சீன வியாபாரிகள் தேயிலை கொடுத்தார்கள். கூட்டங்கூட்டமாகப் போன ஒட்டகங்களின் முதுகில் (அந்தக் கூட்டம்தான் 'கரவன்') கோபி பாலைவனம் கடந்து, பிறகு சைபீரியாவையும் தாண்டி மொஸ்கோ போய்ச்சேர ஒரு வருசத்துக்கும் மேல் ஆகுமாம். 1869இல் சூயெஸ் கால்வாய் திறந்தது, அப்புறம் சைபீரிய ரயில் வந்தது. ஒட்டகங்களுக்கு வேலை போனது.

வழியில் இராத்தங்கலுக்கு மூட்டிய நெருப்பின் புகைதான் தேயிலையில் ஏறியது என்று ஒரு கதை. கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பேணி விமானத்தில், சூட்கேசுக்குள் வந்தது. அதற்கு எப்படிப் புகை பிடித்தது? காரணம் லாப்சாங் சூசோங் என்ற தேயிலை. சீனாவின் ஃபூஜியன் மாகாணத்து வூயி மலையில், டோங்மு கிராமத்துப் பக்கம், பைன் விறகை எரித்து அந்தப் புகையிலேயே இலையைக் காயவைக்கிறார்கள். அதைக் கீமுன் என்ற இன்னொரு சீனக் கறுப்புத் தேயிலையோடும், சில வேளை ஊலோங் தேயிலையோடும் கலந்தால் ரஷ்யன் கரவன். கம்பனிக்குக் கம்பனி கலவை மாறும்.

ஆகஸ்ட் 13
மாமாவுக்கு ஊற்றிக் கொடுத்தேன். ஒரு காலத்தில் புகையிலை செய்தவர். கோப்பையை மூக்குக்குக் கிட்டப் பிடித்து, "தம்பி, இது குடில் மணமெல்லே!" என்றார். பிறகு தேத்தண்ணி ஆறிப்போகும் வரை புகையிலைப் பேச்சுத்தான். புகையிலையைப் புகைபோட்டு உணர்த்துகிற குடிலுக்குள் தேங்காய்ப் பொச்சுமட்டையை மூட்டினால் சுவாலை எழும்பவிடக் கூடாது, புகை மட்டும்தான் வர வேண்டும். இலையைத் தொட்டுப் பார்த்தே பதம் சொல்வார்களாம். திருவிதாங்கூர் வரை கப்பலில் போன சரக்கல்லவா.

கடைசியில் ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்தபடி குடித்து முடித்தார். ரஷ்யர்களும் சீனிக்கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிற வழக்கம் உண்டு என்று சொன்னேன். "பின்னே, வேறை எப்படிக் குடிக்கிறது?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 16
எங்கள் கிணறு சுண்ணாம்புக்கல் கிணறு. அந்தத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மெல்லிய ஆடை மாதிரி ஒன்று படிகிறது, நிறமும் மங்கல். போத்தல் தண்ணீரில் தெளிந்த செம்பு நிறம், மணமும் நன்றாக எழும்புகிறது. நாலு நிமிடம் போதும். கூட விட்டால் கயர்க்கும்.

ஆகஸ்ட் 19
வீட்டிலிருந்த மலைநாட்டுத் தேயிலையில் ஒரு சிட்டிகை ரஷ்யன் கரவனைக் கலந்து பால்மாவோடு ஊற்றினேன். அம்மா ஒன்றும் கேட்காமல் குடித்தார்! ரஷ்யர்களே கனகாலமாக இலங்கைத் தேயிலை வாங்குகிறவர்கள்தானே, பொருத்தம் சரிதான். சின்னம்மாவின் மகன் நாளைக்குப் புறப்படுகிறான். அடுத்த முறை லாப்சாங்கை மட்டும் தனியாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மிச்சத்தை நானே இங்கே கலந்துகொள்கிறேன்.