விலைக்கு முன் ஷரத்துகள்

பல்கலைக்கழக நூலகங்கள் மின்னிதழ்களுக்கும் தரவுத்தளங்களுக்கும் சந்தாவைப் புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டால், பேச்சுவார்த்தையின் பெரும்பகுதி விலையிலேயே கழிந்துவிடுகிறது. விலையைக் குறைப்பது தேவையான வேலைதான். ஆனால், மின்வள உரிமங்களைக் கவனித்துவரும் நூலகர் என்ற முறையில், விலையைவிட ஷரத்துகளுக்காகவே நாம் அதிகம் போராட வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

அச்சு நூலை விலை கொடுத்து வாங்கிவிட்டால் அது நூலகத்தின் உடைமை. அதை இரவல் கொடுக்கவும் தலைமுறைகளுக்குப் பாதுகாத்து வைக்கவும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மின்வளத்தில் நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. பதிப்புரிமைச் சட்டம் தரும் விதிவிலக்குகளைக்கூடப் பல நாடுகளில் ஒப்பந்தத்தின் ஒரு வரி செல்லாததாக்கிவிடும்.

நான் முதலில் தேடிப் படிப்பது, சந்தா நின்ற பிறகு என்ன ஆகும் என்பதைச் சொல்லும் ஷரத்தை. ‘ஒப்பந்தம் முடிவுற்றதும் உள்ளடக்கத்தைப் பயன்படுத்தும் உரிமை அனைத்தும் முடிவுறும்’ என்று வரைவில் இருந்தால், பத்தாண்டுகள் பணம் செலுத்திய இதழ்கள்கூட மறுநாள் கைவிட்டுப் போகும். அந்த வாக்கியத்தோடு ‘சந்தா செலுத்தப்பட்ட ஆண்டுகளில் வெளியான உள்ளடக்கம் நீங்கலாக’ என்ற சொற்களைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். அந்த உள்ளடக்கத்தைப் பதிப்பகத்தின் தளத்திலோ, மின்னிதழ்களைப் பாதுகாத்து வைக்கும் போர்ட்டிகோ போன்ற காப்பகங்கள் வழியாகவோ எவ்வாறு தருவார்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வழி சொல்லாத உரிமையால் வாசகருக்குப் பயனில்லை.

இந்த ஷரத்துதான் பேரம் பேசும் வலிமையையும் தருகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்செவியருடனான பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டபோது, 2018 வரை வெளியான கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்கு நிரந்தர உரிமை அதனிடம் இருந்தது. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் முற்றிலும் கைவிடப்படவில்லை. ஈராண்டுகள் கழித்து, 2021 மார்ச்சில், யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க வெளியீட்டையும் உள்ளடக்கிய ஒப்பந்தம் கையெழுத்தானது. விலகி நிற்க முடிந்தவர் சொல்லுக்குத்தான் மேசையில் மதிப்பு.

அடுத்தது உரை மற்றும் தரவு அகழ்வு. ஆயிரக்கணக்கான கட்டுரைகளைக் கணினியால் ஆராய விரும்பும் ஆய்வு மாணவர் ஒருவர் மொத்தமாகப் பதிவிறக்கத் தொடங்கினால், அது விதிமீறலாகக் கருதப்பட்டு வளாகத்தின் ஐ.பி. முகவரிகளே (இணையத்தில் வளாகத்தை அடையாளம் காட்டும் எண்கள்) முடக்கப்படலாம். பிரிட்டன் 2014-இலேயே வணிக நோக்கமற்ற ஆய்வுக்கான அகழ்வை ஒப்பந்தத்தால் தடுக்க முடியாது என்று சட்டம் செய்துவிட்டது. அத்தகைய பாதுகாப்பு இல்லாத இடங்களில் நாமேதான் கேட்டு எழுதி வாங்க வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் உள்ளடக்கத்தைப் பயன்படுத்துவதை ஒட்டுமொத்தமாகத் தடை செய்யும் வரிகளும் வரைவுகளில் வருகின்றன. அவற்றை அப்படியே ஏற்பது தவறு. உள்ளடக்கம் வெளியாருக்குக் கசியாதபடி பாதுகாப்பது நம் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டு, ஆய்வுக்கான பயன்பாட்டை அனுமதிக்குமாறு கேட்பதே நியாயமான நிலைப்பாடு.

அனுமதிக்கப்பட்ட பயனர்கள் யார், நூலகங்களுக்கு இடையேயான இரவலுக்கு மின்பிரதி அனுப்பலாமா என்பவை பெரும்பாலும் கேட்டாலே கிடைத்துவிடும், கேட்காததால்தான் இழக்கிறோம். விலையை இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்ற ஷரத்து அப்படியல்ல. பிற நூலகங்கள் என்ன கொடுக்கின்றன என்று தெரியாத வரை யாரும் நியாயமான விலையைக் கேட்க முடியாது. கார்னெல் பல்கலைக்கழக நூலகம் அத்தகைய ஷரத்துகளில் கையெழுத்திடுவதில்லை என்று 2011-இல் வெளிப்படையாகவே அறிவித்தது. சிறிய நூலகங்கள் தனித்து அவ்வாறு செய்வது கடினம் என்பதால், கூட்டமைப்பாகச் சேர்ந்து மறுக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் கால அவகாசம் வேண்டும். தானாகப் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தமாக இருந்தால், விலகல் அறிவிப்புக்கான கடைசி நாளைக் குறித்துவைத்து, அதற்குப் பல மாதங்கள் முன்பே வரைவைக் கேட்டு வாங்குங்கள். அதுவும் திருத்தக்கூடிய கோப்பாகவே வேண்டும் என்று வலியுறுத்துங்கள், பி.டி.எஃப். ஆக அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.