ரெண்டும் ஒண்ணுதான்க்கா

நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் சூரணம் தீர்ந்திருந்தது. "அமுக்கரா சூரணம் இருக்கா தம்பி?" என்று அந்த அக்கா கேட்டபோது டப்பா காலி. மேல் ரேக்கில் அமுக்கரா (அஸ்வகந்தா) கிழங்கின் கேப்ஸ்யூல் இருந்தது. எடுத்து வைத்து, "ரெண்டும் ஒண்ணுதான்க்கா" என்று சொன்னேன். ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் அந்த இடத்திலேயே நிற்கிறேன்.

அன்றைக்கு அவர் வந்தது தைராய்டு மாத்திரைக்கு. நாலு வருடமாக எங்களிடம்தான் வாங்குகிறார், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிப்பவர். ரத்தத்தில் டி.எஸ்.எச். 8க்குக் கீழே இறங்கவில்லை என்று டாக்டர் 50 மைக்ரோகிராம் மாத்திரையை 75 ஆக்கி எழுதியிருந்தார். டி.எஸ்.எச். ஏறியிருந்தால் தைராய்டு குறைவு, ரொம்ப இறங்கினால் மிகை. எனக்கு ஒரு சந்தேகம், எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். காலையில் ஐந்தரைக்கு எழுந்ததும் காபியோடு போட்டுக்கொள்வாராம். பின்னால் நாலு பேர் நிற்கும்போதே விளக்கினேன்: வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், காபிக்கு அரை மணி ஒரு மணி நேரம் முன்னால், கால்சியம் இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் நாலு மணி நேரம் தள்ளி. அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். படித்த படிப்புக்கு இன்று ஒரு வேலை செய்தோம் என்று மனதுக்கு நிறைவாக இருந்தது.

அப்புறம்தான் சூரணம் கேட்டார். ஹார்மோன் பேலன்ஸ் ஆகும், தைராய்டுக்கும் நல்லது என்று ஏதோ வீடியோவில் பார்த்தாராம்.

ரெண்டும் ஒண்ணு இல்லை. அது எனக்குத் தெரியும், அன்றைக்கும் தெரியும். சித்த மருத்துவத்தில் அமுக்கரா சூரணம் என்பது கிராம்பு ஒரு பங்கில் தொடங்கி சிறுநாகப்பூ, ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு என்று ஒவ்வொன்றும் முந்தியதைப் போல இரண்டு மடங்காக ஏறி, அமுக்கராவில் 64 பங்கும் சர்க்கரையில் 128 பங்குமாக முடிகிற கலவை. மொத்தத்தில் கிழங்கு கால் பங்குதான். கேப்ஸ்யூலில் இருப்பது அந்தக் கிழங்கைக் காய்ச்சி வடித்து இறுக்கிய சாரம், ஒன்றில் 500 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. பாட்டி பாலில் கலந்து கொடுத்ததற்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று.

இரண்டு மாதம் கழித்து வந்தார். இளைத்திருந்தார். நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் இல்லை, கை நடுங்கி தையல் கோணுகிறது, சூப்பர்வைசர் திட்டுகிறார் என்றார். டி.எஸ்.எச். 0.08. சாதாரணமாக 0.4க்கும் 4க்கும் இடையில் இருக்க வேண்டியது. டாக்டர் மறுபடியும் 50க்கு இறக்கியிருந்தார். "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களான்னு டாக்டர் கேட்டாரு, ஒண்ணும் இல்லைன்னேன்" என்று அக்கா சாதாரணமாகச் சொன்னார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் மூலிகை மாத்திரையில் சேராது. நானும் அதை அவர் கையில் கொடுத்தபோது மாத்திரையைப் போல நடத்தவில்லையே, பிஸ்கட் பாக்கெட் கொடுப்பது போலத்தானே கொடுத்தேன்.

அமுக்கரா தைராய்டைத் தொடும் என்பது கட்டுக்கதை இல்லை. 2018இல் நம் நாட்டிலேயே, தைராய்டு லேசாகக் குறைந்திருந்த 50 பேரிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. தினம் 600 மில்லிகிராம் சாரத்தை எட்டு வாரம் எடுத்தவர்களுக்கு டி.எஸ்.எச். இறங்கி, தைராய்டு சுரக்கும் தைராக்ஸின் ஏறியது. தைராய்டுக்கு நல்லது என்று வீடியோக்காரர்கள் சொல்வதற்குப் பின்னால் இதுவும் இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுகிற உடம்புக்கு அதே நல்லது மிகையாகிவிடாதா? டென்மார்க்கில் 2023இல் அமுக்கராவையே தடை செய்துவிட்டார்கள். அவ்வளவு தூரம் போக எனக்கு மனம் வரவில்லை. தூக்கம் வந்தது, அசதி போனது என்று சொல்லித் திரும்ப வாங்குகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன், அவர்கள் சொல்வதையும் நம்புகிறேன்.

சரி, கேப்ஸ்யூல்தான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியுமா? முடியாது, அதுதான் என்னை விடவே மாட்டேன் என்கிறது. ஒரே நாளில் மூன்று மாறின. மாத்திரை 75 ஆனது, காபி விலகியது, கேப்ஸ்யூல் சேர்ந்தது. காபியால் மாத்திரை சரியாக உடம்பில் ஏறாமல் இருந்திருந்தால், காபியை நிறுத்தினாலே 50 போதுமானதாக இருந்திருக்கும். அப்படியென்றால், நான் பெருமைப்பட்ட அந்த அறிவுரையே, கூட்டிய டோஸின் மேல் போய் உட்கார்ந்து அவரைப் படுத்தியிருக்கலாம். "இவ்வளவு நாள் காபியோடு சாப்பிட்டேன் என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு 75ஐ ஆரம்பியுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். அது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. இரவில் யோசிக்கும்போது, கேப்ஸ்யூல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேனோ என்றுகூடச் சந்தேகம் வருகிறது. ஏனென்றால் அது ஒரு வாய்தவறிய வார்த்தை. மற்றது நான் யோசித்து, நல்லது என்று நினைத்துச் செய்தது.

கேப்ஸ்யூலை நிறுத்தச் சொன்னேன், அதைப் பற்றி டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். "நான் கொடுத்திருக்கக் கூடாதுக்கா" என்றும் சொன்னேன். "நான்தானே தம்பி கேட்டேன்" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. ஆறு வாரத்தில் டி.எஸ்.எச். 3க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. டோஸையும் குறைத்து கேப்ஸ்யூலையும் நிறுத்தியதால், எது எதைச் செய்தது என்று இப்போதும் தெரியாது.

அதற்கப்புறம் மூலிகை கேட்டு வருகிற எல்லோரிடமும் தைராய்டு, சுகர், பிரஷர், கர்ப்பம் என்று விசாரிக்கிறேன். சிலர் பதில் சொல்கிறார்கள். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். சித்த, ஆயுர்வேத மருந்தைத் தயாரிக்கத்தான் லைசென்ஸ் வேண்டும், விற்க வேண்டாம், மளிகைக் கடையிலும் கிடைக்கும். முதலாளி ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் பார்க்கிறார்.

போன வாரம் அதே அக்கா மகளோடு வந்திருந்தார். பி.சி.ஓ.டி.க்கு, அதாவது சினைப்பை நீர்க்கட்டிக்கு, கழற்சிக்காய்ப் பொடி வேண்டுமாம். "பாப்பா என்ன மாத்திரை சாப்பிடுது?" என்றேன். "ஒண்ணும் இல்ல தம்பி" என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் மெதுவாக, "மெட்ஃபார்மின் எடுக்கறேன்ணா" என்றது. அது சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரை. கழற்சிக்காய்க்குச் சர்க்கரையைக் குறைக்கும் குணம் இருப்பதாக எலிகளிடம் செய்த ஆய்வுகள் உண்டு. மெட்ஃபார்மினோடு சேர்ந்தால் மனித உடம்பில் எவ்வளவு, எப்படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவில் மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேட்டுவிட்டு வாங்கலாம் என்றேன்.

"அங்க போனா அரை நாள் சம்பளம் போயிரும் தம்பி" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். இருவரும் படியிறங்கி, எதிரே நாட்டு மருந்துக் கடைப் பக்கம் ரோட்டைக் கடந்தார்கள்.