வாஷிங்டன் என்ற பெயரின் ஊரைத் தேடி

குடும்பப் பெயரில் ஓர் ஊர் இருந்தால் அதுவே பூர்வீகம் என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். இங்கிலாந்தின் சசெக்ஸில் ஒரு வாஷிங்டன் உண்டு. 1086-இன் நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே புத்தகத்திலேயே அது இருக்கிறது. ஆனால் ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோர் அந்த ஊர்க்காரர்கள் அல்ல. ஊரிலிருந்து ஆளைத் தேடாமல், தெரிந்த ஆளிலிருந்து பின்னோக்கிப் போனதால்தான் எங்களுக்கு வழி கிடைத்தது.

எங்களுக்குக் கிடைத்த பிடி, 1650-களில் வர்ஜீனியாவுக்குக் கப்பலேறிய ஜார்ஜின் முன்னோர் ஜான். அவருடைய தந்தை லாரன்ஸ், எசெக்ஸில் பர்லி என்ற ஊரின் பாதிரியார். அவருக்கு மேலே போனால் சிக்கல்: பாதிரியாரின் தந்தை பெயரும் லாரன்ஸ், கொள்ளுத்தாத்தா பெயரும் லாரன்ஸ். தேவாலயப் பதிவேட்டில் பெயரும் தேதியும் மட்டும் பார்த்தால் ஒருவரை இன்னொருவராக எடுத்துக்கொள்வோம். மனைவி, பிள்ளைகள், நிலம் எல்லாம் வரிசையாக வரும் உயில்கள்தான் அவர்களைப் பிரித்துக் காட்டுகின்றன. கேன்டர்பரி பேராயர் நீதிமன்றத்தில் 1858 வரை பதிவான உயில்கள் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

தேதியிலும் கவனம் வேண்டும். 1752-க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25-இல். அதனாலும், நாள்காட்டி மாறியதில் 11 நாள் தள்ளியதாலும்தான் ஜார்ஜின் பிறப்பு பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, இப்போதைய கணக்கில் 1732 பிப்ரவரி 22. இதை மறந்தால் திருமணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்துவிடும்!

மூத்த லாரன்ஸ், அதாவது பாதிரியாரின் கொள்ளுத்தாத்தா, கம்பளி வணிகர், நார்தாம்ப்டன் மேயர். மடங்களை எட்டாம் ஹென்றி கலைத்தபோது, 1539-இல் சல்கிரேவ் மேனரை (ஊரின் பண்ணை நிலத்தை) அரசிடமிருந்து 324 பவுண்டு 14 ஷில்லிங் 10 பென்ஸுக்கு வாங்கினார். ஆகவே அதற்கு முந்தைய சல்கிரேவ் பத்திரங்களில் இக்குடும்பத்தைத் தேடுவது வீண். அது அப்போது செயின்ட் ஆண்ட்ரூ மடத்தின் சொத்து.

பெயரின் வேர் வடக்கே, டர்ஹாமில். அங்கே டூம்ஸ்டே உதவாது. அந்தக் கணக்கெடுப்பு டர்ஹாம் பக்கம் போகவே இல்லை. பார்க்க வேண்டியது பிஷப்பின் 1183-ஆம் ஆண்டு நிலக்கணக்கான போல்டன் புத்தகம். ஹார்ட்பர்னைக் கொடுத்து வெஸ்ஸிங்டனை (வாஷிங்டனின் பழைய பெயர்) மாற்றிக்கொண்ட வில்லியம் டி ஹார்ட்பர்ன் அதில் வருகிறார். ஆண்டுக்கு 4 பவுண்டு கட்டி, பிஷப்பின் பெருவேட்டைக்கு நான்கு வேட்டைநாய்களோடு போக வேண்டும். நிலம் மாறியதும் குடும்பப் பெயரும் மாறியது. அவருக்கு முந்தையவர்களை 'வாஷிங்டன்' என்று தேடினால் ஒருவரும் அகப்பட மாட்டார்கள். ஹார்ட்பர்ன் என்றுதான் தேட வேண்டும்.