கடைசி வரியில் வீடு சேரும் மெட்டு

‘லாரா’ என்ற பழைய ஹாலிவுட் பாட்டைக் கீபோர்டில் வாசிக்க உட்காரும் யாரும் முதலில் திணறுவது, இது எந்த ஸ்கேல் என்று கண்டுபிடிப்பதில்தான். முதல் வரி ஜி மேஜரில் போய் உட்காருகிறது. சரி, ஜி மேஜர்தான் என்று நினைத்தால், அடுத்த வரியில் அதே மெட்டு ஒரு படி இறங்கி எஃப் மேஜரில் நிற்கிறது. அப்புறம் ஈ ஃபிளாட் பக்கம் நழுவுகிறது. பாட்டின் சொந்த இடம் சி மேஜர். அங்கே அது நிம்மதியாகக் கால் நீட்டுவது கடைசி வரியில்தான். வெறுமனே கேட்கும்போது இந்த அலைச்சல் எதுவும் உறுத்தாது. பாடிப் பார்த்தால்தான் அடுத்த அடியை எங்கே வைப்பது என்ற தயக்கம் வரும்.

எனக்கு இந்தப் பாட்டின் மேல் இருக்கும் பித்துக்குக் காரணமே அந்தத் தயக்கம்தான். 1944-இல் ஓட்டோ பிரெமிஞ்சர் இயக்கிய ‘லாரா’ படத்துக்கு டேவிட் ராக்சின் போட்ட மெட்டு இது. கொலை விசாரணைக்கு வரும் துப்பறிவாளன், சுவரில் மாட்டியிருக்கும் லாராவின் படத்தைப் பார்த்துப் பார்த்தே அவள்மேல் காதல் கொள்கிறான். கதையில் இதற்குமேல் சொல்லமாட்டேன், பார்க்காதவர்கள் பார்க்கவேண்டும்.

பிரெமிஞ்சர் முதலில் ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் ‘சொஃபிஸ்டிகேட்டட் லேடி’யைப் போட்டுவிடலாம் என்று இருந்தார். ராக்சின் ஒப்புக்கொள்ளவில்லை. அருமையான பாட்டுதான், ஆனால் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. கேட்பவர்கள் தங்கள் பழைய நினைவுகளையும் சேர்த்துக்கொண்டு வருவார்கள் என்பது அவர் வாதம். எவ்வளவு சரியான வாதம்! அப்படியானால் திங்கட்கிழமைக்குள் வேறொன்று கொண்டுவா என்று கெடு வைத்தார் பிரெமிஞ்சர். சனி, ஞாயிறு எழுதியது எதுவும் ராக்சினுக்கே பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் மனைவியிடமிருந்து வந்திருந்த கடிதத்தை எடுத்துப் பியானோவின் மேல் வைத்துப் படித்திருக்கிறார். விட்டுப் பிரிகிறேன் என்று எழுதியிருந்ததாம். மெட்டு அப்போது வந்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

படத்தில் எனக்கு உயிரான இடம், ராத்திரியில் துப்பறிவாளன் அவள் வீட்டுக்குள் தனியாக நடமாடும் காட்சி. பேச்சே கிடையாது. அலமாரியைத் திறக்கிறான், கடிதங்களைப் புரட்டுகிறான், அவளுடைய படத்தின் முன் நிற்கிறான். அவன் மனதில் ஓடுவதை முழுக்க இசைதான் சொல்லவேண்டும். அதற்காக ராக்சின் ஒரு வேலை செய்தார். பியானோ கட்டையைத் தட்டும் ஓசை பதிவாகாமல், தட்டியபின் மிஞ்சும் ரீங்காரம் மட்டும் பதிவாகும்படி செய்தார். யாரோ வாசித்ததாகவே தோன்றாத ஓர் ஒலி அது. ஹெட்போனில் கேளுங்கள்.

படம் வரும்போது பாட்டுக்கு வரிகள் கிடையாது. மெட்டு பிரபலமான பிறகு, 1945-இல் ஜானி மெர்சர் எழுதினார். பனிமூட்டத்தில் ஒரு முகம், கூடத்தில் கேட்கும் காலடி, கடந்துபோகும் ரயில், கடைசியில் அவள் வெறும் கனவு. அவ்வளவுதான், ஒரு சொல் கூடுதல் இல்லை. அதே வருடம் வுடி ஹெர்மன் பாடிப் பெரிய வெற்றி. அதன்பின் நூற்றுக்கணக்கான பதிவுகள். இதே ராக்சின்தான் ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில் சாப்ளினின் மெட்டுகளை இசைக்கோர்வையாக்க உதவியவர். அந்தப் படத்தின் மெட்டு ஒன்றும் 1954-இல் வரிகள் சேர்ந்து ‘ஸ்மைல்’ என்ற பாட்டு ஆனது.

சினாட்ரா 1957-இல் ‘வேர் ஆர் யூ’ ஆல்பத்தில் பாடியதைப் பலர் உச்சம் என்பார்கள். பெரிய பதிவுதான், மறுக்கமாட்டேன். ஆனால் சுற்றிலும் வயலின்கள் சோகத்தை ஏற்கெனவே தீர்மானித்துவிடுகின்றன. சார்லி பார்க்கர் 1950-இல் வாசித்ததிலும் வயலின்கள் உண்டு; அவருடைய சாக்ஸபோன் அவற்றுக்குக் கட்டுப்படாமல் தன் பாட்டில் தேடிக்கொண்டு போகிறது. நான் அதிகம் திரும்பிப் போவது 1955-இல் ஜூலி லண்டன் பாடியதற்கு. பார்னி கெஸ்ஸலின் கிட்டார், ஒரு பேஸ் வாத்தியம், ஜூலியின் குரல், வேறொன்றும் இல்லை. ஜி-யிலிருந்து எஃப்-க்கு இறங்கும் இடத்தில் அவரைத் தாங்கிப் பிடிக்க வாத்தியக் கூட்டம் எதுவும் இல்லை. அந்த ஒரு இறக்கத்தை மட்டும் கவனித்துக் கேட்டுவிட்டு, எந்தப் பதிவு உங்களுக்குப் பிடித்தது என்று சொல்லுங்கள்.