61.9 எதற்கு, 62 போதாதா?

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்குக் கலைஞர்கள் என்றாலே கொஞ்சம் பயம். பம்ப் கம்பெனி ஜாப் என்றால் டிராயிங் வரும், அளவு எவ்வளவு கூடலாம் குறையலாம் என்கிற டாலரன்ஸ் வரும், எத்தனை பீஸ், என்றைக்கு டெலிவரி எல்லாம் வரும். கலைஞர் வந்தால் கதை வரும். "நகரத்துல ஒரு மனுஷனோட தனிமை இதுல தெரியணும் சார்" என்று ஒருவர் கேட்டார். தனிமைக்கு எத்தனை எம்.எம். ஷீட் போடுவது? 1.6 போதுமா, 2 வேண்டுமா? கேட்டால் அவர் முகம் சுருங்கிவிடும். நமக்கு ரசனை இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

ரசனை இருக்கிறதோ இல்லையோ, ஒரு விஷயம் இத்தனை வருடத்தில் புரிந்திருக்கிறது. ஒரு படைப்புக்குப் பின்னால் இருக்கும் யோசனையைச் சொல்வதில் இரண்டு விதம் உண்டு. கேட்டவன் தலையாட்டிவிட்டுப் போகும்படி சொல்வது ஒன்று. கேட்டவன் கையில் எடுத்து வேலையைத் தொடரும்படி சொல்வது இன்னொன்று. சுவரில் ஒட்டும் குறிப்புகளில் பெரும்பாலும் முதலாவதுதான் இருக்கும்.

இரண்டாவது வகையை எங்களுக்குக் காட்டியது ஒரு துண்டுச் சீட்டு. ஓவியக் கல்லூரியில் சிற்பம் படித்து முடித்த ஒரு பெண், நடக்கும் சிற்பம் ஒன்று செய்ய வேண்டும் என்று கொண்டு வந்தார். 38, 41.5, 39.3, 40.1, 55.8, 39.4, 36.7, 65.7, 49, 50, 61.9 என்று பதினோரு எண்கள். கீழே தனியாக 7.8, 15 என்று இன்னும் இரண்டு. பக்கத்தில் முக்கோணம் முக்கோணமாக ஒரு கால் படம்.

எங்கள் லேத் அண்ணன் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஏம்மா, இது இன்ச்சா, சென்டிமீட்டரா?"

"எது வேணா வெச்சுக்கலாம் அண்ணா."

முப்பது வருடமாக வெர்னியர் அளவுகோல் பிடித்த மனிதரிடம் சொல்லக்கூடிய பதிலா அது! ஆனால் அந்தப் பெண் சொன்னது சரி. அவை அளவுகள் அல்ல, விகிதங்கள். தியோ யான்சன் என்கிற நெதர்லாந்துக் கலைஞர் உலகத்துக்கே எடுத்துக் கொடுத்துவிட்ட எண்கள். 1948இல் பிறந்தவர், டெல்ஃப்ட்டில் இயற்பியல் படித்தவர். 1990இல் ஒரு நாளிதழ்ப் பத்தியில், கடல்மட்டம் ஏறினால் தன் நாடு என்னாகும் என்று கவலைப்பட்டு, கடற்கரையில் தானாக உலாவி மணலை வாரிப்போட்டு மேடு கட்டும் உயிரிகளைக் கற்பனை செய்தார். பிறகு அதைச் செய்தே பார்க்க உட்கார்ந்துவிட்டார். மணல்மேடு கட்டினாரோ இல்லையோ, காற்றில் நடக்கும் எலும்புக்கூடுகள் கடற்கரைக்கு வந்துவிட்டன.

அவர் எடுத்த பொருள் பிவிசி குழாய். அங்கே வீட்டு வயரிங்குக்குப் போடும் மலிவான மஞ்சள் நிறக் குழாய். உயிர்கள் பெரும்பாலும் புரதம் என்ற ஒரே பொருளால் ஆனவை போல, தன் உயிரிகளும் ஒரே பொருளால் ஆகட்டும் என்பது அவர் கணக்கு. சேமித்து வைத்த காற்றுக்குப் பழைய பிளாஸ்டிக் பாட்டில். காற்று அடிக்கும்போது அதில் அழுத்தி வைத்துக்கொண்டு, அடிக்காதபோது அதைக் கொண்டு நடக்கும்.

அந்தப் பதினோரு எண்கள் வந்த கதையைத்தான் பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. யான்சன் அடாரி கம்ப்யூட்டரில் கண்டபடி நீளங்கள் கொடுத்து 1,500 கால்களை உருவாக்குவார். பாதம் தரையில் படும்போது நேர்கோட்டில் போய், சட்டென்று தூக்கி, முன்னால் வந்து மறுபடி இறங்க வேண்டும். அதற்கு நெருக்கமாக நடக்கும் நல்ல 100 கால்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றைக் கலந்து மறுபடி 1,500. இப்படித் தலைமுறை தலைமுறையாக, மாதக்கணக்கில் இரவும் பகலும் ஓடித்தான் அந்த எண்கள் தேறின.

"அப்ப 61.9 எதுக்கு? 62ன்னு வெச்சா நடக்காதா?"

"நடக்கும் அண்ணா. பெரிசா வித்தியாசம் தெரியாது."

அண்ணன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சென்டிமீட்டர்னு எடுத்து எம்.எம்.ல போடு. 619. புள்ளியே இல்லையே, அப்புறம் எதுக்கு 62?" என்று சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே கோடு போட ஆரம்பித்தார்.

அந்தப் பெண்ணுக்குக் கடற்கரை வேண்டாம், ஒரு கட்டடத்தின் முற்றத்தில் சிமென்ட் தரையில் நடக்க வேண்டும். காற்றுக்குப் பதில் மோட்டார். பிவிசி குழாய்க்குப் பதில் எம்.எஸ். ஸ்கொயர் டியூப், அதாவது சதுர இரும்புக் குழாய். மூலக் கலைஞரின் இரண்டு பெரிய முடிவுகளும் போயின, எண்கள் மட்டும் மிச்சம். ஸ்டீல் என்றால் எடை. எடை என்றால் ஒவ்வொரு மூட்டிலும் சொருகும் பின் என்கிற ஆணிக்கும் ஓட்டைக்கும் நடுவே இருக்கும் ஆட்டம் தொந்தரவு தரும். ஒரு மூட்டில் அரை எம்.எம். ஆட்டம் ஒன்றும் தெரியாது. மூட்டுக்கு மூட்டு சேர்ந்து பாதத்துக்கு இறங்கும்போது கால் பக்கவாட்டில் சாய்ந்து அடுத்த காலை உரசும். முதலில் கட்டிய கால் அப்படித்தான் கிறீச்சிட்டது. அண்ணன் தானாகவே வழி சொன்னார்: ஒற்றைப் பட்டையில் பின்னைத் தொங்கவிடாதே, இரண்டு பக்கமும் பிளேட் வைத்து நடுவில் டியூபைச் சொருகு, ஓட்டையில் நைலான் புஷ், அதாவது உள்வளையம், அடி. மேலே மோட்டார் சுற்றும் கிராங்க் பக்கத்து மூட்டுகளுக்குத்தான் முதலில் போட வேண்டும், அங்கே தப்பினால் கீழே பெருகும் என்றும் சொன்னார்.

பாதம் ஏன் நேர்கோட்டில் போக வேண்டும் என்று அந்தப் பெண் முதல் நாளே சொல்லியிருந்ததால்தான் இது சாத்தியம். உடல் ஏறி இறங்காமல் மட்டமாகப் போனால் மோட்டாருக்குத் தூக்குகிற வேலை மிச்சம், சுமை சீராக இருக்கும். அது தெரிந்த ஆளுக்கு எந்த மூட்டைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தெரியும். "ஒரு உயிர்ப்பு வேணும் அண்ணா" என்று மட்டும் சொல்லியிருந்தால் அவர் பதினோரு பட்டைகளையும் வெட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

நம் ஊரில் இது புதிது ஒன்றும் இல்லை. சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் ஸ்தபதி மெழுகில் கை வைப்பதற்கு முன் சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்து அளவு வைத்துக்கொள்வார். அங்கேயும் இன்ச் இல்லை, விகிதம்தான். ஆறு அங்குலச் சிலைக்கும் ஆறடிச் சிலைக்கும் அதே மடிப்பு.

கலைஞர்கள் மேடையில் சொல்லாத ஒன்று பணம். பட்ஜெட் தீர்ந்ததால் பித்தளை இரும்பாக மாறியது என்று ஒருவரும் சொல்வதில்லை. "இரும்பின் கரடுமுரடைத் தேடிப் போனேன்" என்பார்கள். பக்கத்தில் நின்று எஸ்டிமேட்டைக் குறைத்துக் கொடுத்த எனக்குச் சிரிப்பு வரும். இதில் எனக்குச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்காரர்களைப் பிடிக்கும். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடு சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கிராமத்தைத் தொடங்கியபோது, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களை விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள். அதை யாரும் மறைக்கவில்லை. ஓவியம் விற்கும் வரை வயிற்றுக்குத் துணி என்கிற ஏற்பாடும் ஒரு படைப்புத் திட்டம்தான் என்பேன்.

சமீபத்தில் எங்கள் பட்டறையில் ஓடிக்கொண்டிருக்கும் சண்டை வேறு. அமெரிக்காவில் ஆர்தர் கான்சன் என்று ஒரு சிற்பி ஓர் இயந்திரம் செய்திருக்கிறார். ஒரு முனையில் மோட்டார், நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று. வரிசையாகப் பன்னிரண்டு வொர்ம் கியர், ஒவ்வொன்றும் ஐம்பதில் ஒரு பங்காக வேகத்தைக் குறைக்கும். கடைசி கியர் ஒரு கான்கிரீட் கட்டிக்குள் புதைந்திருக்கிறது. மோட்டார் பாட்டுக்கு ஓடுகிறது, எதுவும் உடையவில்லை. ஏன் என்று கேட்ட வெல்டர் பையனுக்கு லேத் அண்ணன் போனிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். மூன்றாவது கியர் ஒரு சுற்று வரப் பத்து மணி நேரம் சொச்சம். ஐந்தாவதுக்கு மூன்று வருடம். ஆறாவதுக்கு 150 வருடம் கிட்டே. பன்னிரண்டாவது ஒரு சுற்று முடிக்க 2 லட்சம் கோடி வருடத்துக்கு மேல்.

"அப்படின்னா ஆறாவதுக்கு அப்புறம் இருக்கிற கியருக்கெல்லாம் பல்லே வேண்டாமே அண்ணே? எவன் பாக்கப் போறான்?" என்றான் பையன்.

அண்ணனுக்கு வந்ததே கோபம். பல் இல்லாவிட்டால் அது கியர் இல்லை, வட்டத்தகடு. அப்புறம் கான்கிரீட்டில் புதைப்பதில் என்ன இருக்கிறது என்கிறார். பையனோ, நிற்கிற வண்டிக்கு எதற்கு பிரேக் என்கிறான். அக்கவுன்ட்ஸ் பார்க்கும் அக்கா இரண்டு பேரையும் பார்த்து, யாராவது இந்த ஜாப் கொண்டு வந்தால் பன்னிரண்டுக்கும் சேர்த்தே கொட்டேஷன் போடச் சொல்லியிருக்கிறார், அட்வான்ஸ் ஐம்பது சதவீதம்.